காளையார்கோவில் 40 நிமிஷத்துல விழுந்துருச்சு: ரூல்ஸ்ல எங்க தப்பு?

வளவுப்படை, காரைக்குடி
ஞாயிறு இரவு 9:10

எல்லாருக்கும் வணக்கம். காரைக்குடியைச் சுத்தி ஏழு பேர் இருக்கோம். ரெண்டு வருஷமா ஞாயித்துக்கிழமை கூடி, கட்டைவிரல் கணு உயரத்துல இருக்கிற படைவீரர்களை வச்சு பழைய போர்களை ஆடிக்கிட்டு வர்றோம். இடம் கானாடுகாத்தான்ல ஒரு பழைய வீடு. ஆச்சி ஒருத்தர்தான் அங்க இருக்காங்க, பிள்ளைகள் எல்லாம் வெளியூர்ல. வளவை, அதாவது வீட்டு நடுமுற்றத்தைத் திறந்துவிட்டு மூணு நிபந்தனை சொன்னாங்க: செருப்பு முகப்போட நிக்கணும், தரையில பசை சிந்தக்கூடாது, விளக்கு வைக்கிற நேரத்துக்குள்ள எடுத்து வச்சிரணும். இன்னிக்கு வரைக்கும் மூணையும் மீறினதில்லை.

இதுவரைக்கும் ஆடினதெல்லாம் வெளிநாட்டுப் போர்கள். வாட்டர்லூவை நாலு தடவை ஆடியாச்சு. போன மாசம்தான் ஒருத்தர் கேட்டாரு, பஸ் ஏறுனா ஒரு மணி நேரத்துல காளையார்கோவில் இருக்கு, அதை ஏன் நாம ஆடலைன்னு. நியாயமான கேள்வி. இன்னிக்கு ஆடினோம், 1801.

கிழக்கிந்தியக் கம்பெனிக்கு 12 பேஸ் (பொம்மைகளை ஒட்டி வைக்கிற அடித்தட்டு), மருதிருவருக்கு 12 பேஸ். ரெண்டடி சதுரப் பலகை. கோயிலைச் சுத்திக் காடுன்னு பச்சைத் துணி நாலு துண்டு விரிச்சோம். நான் கம்பெனி. ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற பையன் ஒருத்தன் மருது பக்கம். அவன் வரிசை கட்டி நிறுத்தினான், நானும் வரிசை கட்டி நிறுத்தினேன். பகடை உருண்டுச்சு. 40 நிமிஷத்துல கோயில் என் கையில.

பையன் பொம்மைகளை எடுத்து வைக்கும்போது கேட்டான்: “அண்ணே, நெசமாவே இவ்வளவு சீக்கிரமாவா தோத்தாங்க?”

இல்லை. சிறுவயலை எரிச்சுட்டு, ஜூலை கடைசியில அங்கிருந்து காட்டை வெட்டிப் பாதை போட ஆரம்பிச்ச கம்பெனியோட கர்னல் அக்னியூ படை, ஏறக்குறைய ஒரு மாசம் வெட்டியும் கோயிலை எட்ட முடியாம, செப்டம்பர் தொடக்கத்துல கைவிட்டு ஒக்கூருக்குப் பின்வாங்குச்சு. கோயில் விழுந்தது அக்டோபர் 1. இதைப் பையன்கிட்ட சொன்னேன். “அப்ப நாம ஆடினது எந்தச் சண்டை?”ன்னான். பதில் வரலை. அதான் இங்க கேக்குறேன்.


எழும்பூர்ப்பகடை, சென்னை
ஞாயிறு இரவு 10:02

முதல்ல ஒண்ணு. 12 பேஸ், ரெண்டடிப் பலகைன்னா நீங்க ஆடினது டிபிஏ. 1990ல வந்த ரூல்ஸ். நானே பதினஞ்சு வருஷமா ஆடுறேன், எனக்கு உயிர். ஆனா அது கி.மு. 3000ல இருந்து கி.பி. 1500 வரைக்கும் உள்ள படைகளுக்கு எழுதினது. துப்பாக்கியும் பீரங்கியும் தாங்கின 1801 படையை அதுக்குள்ள வச்சா அது தாங்காது.

ரெண்டாவது, அந்த ரூல்ஸ் மனசுல வச்சிருக்கிற கேள்வி ஒண்ணே ஒண்ணுதான்: ரெண்டு வரிசை முட்டிக்கிட்டா எது பின்வாங்கும்? சுத்துக்கு ஒரு பகடை போடுறீங்க, விழுற எண் எவ்வளவோ அத்தனை நகர்வு. மோதுற இடத்துல ரெண்டு பேரும் ஆளுக்கொரு பகடை. கூட வந்தவன் தள்ளுவான், ரெண்டு மடங்கு வந்தா எதிரி பேஸ் காலி. வெட்டவெளிப் போருக்கு இதைவிட அழகான கணக்கு கிடையாது. காட்டுக்குள்ள ஒளிஞ்சிருக்கிறவன் எங்க இருக்கான்னே தெரியாத போருக்கு இதுல வழி இல்லை.

துப்பாக்கிக் காலத்து ரூல்ஸ் எடுங்க. பலகையைப் பெருசாக்குங்க, ஆறுக்கு நாலு அடியாவது வேணும். ஒரு பொம்மை 20 ஆளுன்னு கணக்கு வச்சுக்கலாம்.


ஈர்க்குச்சி, பள்ளத்தூர்
ஞாயிறு இரவு 10:40

நீங்க போட்ட படத்துல உங்க பலகையைப் பாத்தேன் தம்பி. ஓரத்துல நட்டிருக்கிற முள்ளுமரம் சீமைக்கருவேலம் மாதிரி இருக்கு. தயவுசெஞ்சு எடுத்துருங்க. அது நம்ம சீமைக்கு வந்தது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலதான். மருதிருவர் காட்டுல அது கிடையாது. கருவேலம், உடை, சூரை, இலந்தை, காரை இதெல்லாம்தான் இருந்திருக்கும். காரைச் செடியாலதான் காரைக்குடிக்கே பேர் வந்துச்சுன்னு சொல்றோம், பலகையில ஒரு காரைச் செடி இல்லைன்னா எப்படி?


பழைய வாத்தியார், தேவகோட்டை
திங்கள் காலை 5:50

தம்பி வளவுப்படைக்கு,

உங்கள் கேள்வியை இரவு படித்தேன். தூக்கம் வரவில்லை. நான் உங்கள் விளையாட்டை ஆடியவன் அல்லன். தமிழ் வாத்தியாராக 34 ஆண்டு இருந்தேன், அவ்வளவுதான். ஆனால் உங்கள் தப்பு எங்கே என்று எனக்குத் தெரிகிறது என்றே நினைக்கிறேன்.

நம்முடைய ஆட்கள் போரை ஒரே போராகப் பார்க்கவில்லை. மாடு கவர்வது வெட்சி. மீட்பது கரந்தை. மண் மேல் ஆசைப்பட்டுப் படை எடுப்பது வஞ்சி. இரு படையும் ஓரிடத்தில் நாள் குறித்து நின்று பொருவது தும்பை. கோட்டையை வளைப்பது உழிஞை. தொல்காப்பியம் கோட்டைப் போரை உழிஞை என்ற ஒரே திணைக்குள் அடக்கியது. காப்பவன் பக்கத்தை நொச்சி என்று தனித் திணையாகப் பிரித்தது பின்னால் வந்த புறப்பொருள் வெண்பாமாலை. ஒவ்வொன்றுக்கும் தனிப் பூ, தனி ஒழுங்கு. தும்பை சூடியவன் செய்வதை உழிஞை சூடியவன் செய்ய மாட்டான்.

எழும்பூர்த் தம்பி சொல்லும் ரூல்ஸ், கேட்ட வரையில், தும்பைக்கு எழுதியது. நீங்கள் அதில் உழிஞையை ஆடியிருக்கிறீர்கள். கோட்டை 40 நிமிடத்தில் விழாமல் என்ன செய்யும்?

இன்னொன்று. காளையார்கோவிலுக்குப் பழைய பெயர் கானப்பேர். புறநானூற்றின் 21ஆம் பாட்டு இந்த ஊர்க் கோட்டையைப் பற்றியது. பாடியவர் ஐயூர் மூலங்கிழார். வேங்கைமார்பனிடமிருந்து உக்கிரப்பெருவழுதி கைப்பற்றிய கோட்டை. ஆழ்ந்த அகழியைச் சொல்கிறார், வானைத் தொடும் மதிலைச் சொல்கிறார், மதில் மேல் வானத்து மீன் பூத்தது போன்ற ஞாயில்களை, அதாவது மறைந்து அம்பு எய்யும் இடங்களைச் சொல்கிறார். அதற்கு அடுத்துச் சொல்வதுதான் உங்களுக்கு வேண்டியது: சூரியக் கதிர் நுழைய முடியாதபடி மரம் நெருங்கிய காவற்காடு. மிளை என்பது அதன் பெயர். வள்ளுவரும் அரண் எவை எவை என்று சொல்லும்போது நீர், நிலம், மலை என்று எண்ணி, நிழல் உள்ள காட்டையும் சேர்க்கிறார். காடு கோட்டைக்கு வெளியே கிடக்கும் தரிசு அன்று. காடே கோட்டையின் ஒரு சுவர்.

அதே ஊர். அதே சுவர். சங்க காலத்தில் நின்றது 1801லும் நின்றது. நீங்கள் அதை நாலு துண்டுப் பச்சைத் துணியாக விரித்துவிட்டீர்கள்.


வளவுப்படை, காரைக்குடி
திங்கள் காலை 7:15

ஐயா, பஸ்ஸுல போகும்போது படிச்சேன். இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தாண்டிப் போயிட்டேன். காட்டையே சுவரா ஆக்கணும். அப்ப கம்பெனிக்காரன் சண்டை போட வேண்டியது மருதோட ஆளுங்க கூட இல்லை, முதல்ல மரத்தோட. இது ஏன் எனக்குத் தோணலை?


ஒக்கூரான், சிவகங்கை
திங்கள் மதியம் 1:30

நான் இந்தப் பேச்சுல கலந்துக்கலாமா வேண்டாமான்னு காலையில இருந்து யோசிச்சேன். கோபமா எழுதலை, வருத்தமா எழுதுறேன்.

ஒவ்வொரு அக்டோபரும் திருப்பத்தூருக்கும் காளையார்கோவிலுக்கும் போற குடும்பம் எங்களுது. 1801 அக்டோபர் 24, திருப்பத்தூர்ல தூக்குல போட்டாங்க, பெரிய மருது சின்ன மருது ரெண்டு பேரையும். அதுக்கு நாலு மாசம் முன்னாடி, ஜூன் 16, திருச்சியில அவங்க ஒட்டின அறிக்கையைப் பள்ளிக்கூடத்துல மனப்பாடமா சொன்னவன் நான். இவ்வளவு பெரிய சாவை நீங்க மேசையில வச்சுப் பகடை போட்டு ஆடுறீங்க. ஆடி முடிச்சுட்டு டீ குடிப்பீங்க. அந்தப் பையன் மருது பக்கம் ஆடித் தோத்தான்னு எழுதியிருக்கீங்க. அவன் மனசுல என்ன பதிஞ்சிருக்கும்? சிவப்புச் சட்டைப் பொம்மையைக் கையில எடுத்து நகத்த எப்படி மனசு வருது?


எழும்பூர்ப்பகடை, சென்னை
திங்கள் மாலை 6:20

ஒக்கூரான் சார், நீங்க கேக்கறது இந்த ஆட்டத்தை ஆடுற எல்லாரும் ஒரு நாள் கேக்க வேண்டிய கேள்வி. எனக்குத் தெரிஞ்ச ஒரு பதிலை மட்டும் வைக்கிறேன்.

இந்த விளையாட்டு இப்ப இருக்கிற வடிவத்துக்கு வந்தது பிரஷ்யாவுல. 1824ல ரெய்ஸ்விட்ஸ்னு ஒரு இளம் அதிகாரி, அப்பா ஆரம்பிச்சு வச்சதைத் திருத்தி, வரைபடத்து மேல ஆடுற மாதிரி பண்ணினார். நடுவுல ஒரு நடுவர். ரெண்டு பக்கமும் எதிரியைப் பாக்க முடியாது, நடுவர் எதைக் காட்டுறாரோ அதுதான் தெரியும். அதிகாரிகளை மாத்தி மாத்தி எதிரிப் பக்கம் உக்கார வைப்பாங்க. எதிரியோட இடத்துல உக்காந்தாதான் நம்ம ஆளுங்க அவனை எங்க தடுத்தாங்கன்னு புரியும்.

வெல்லிங்டனா ஆடுறவன் நெப்போலியனை வெறுக்கிறதில்லை. ஆனா இது நம்ம மண், நம்ம ஆளு. அந்த வித்தியாசம் இருக்கு, ஒத்துக்கறேன்.


பழைய வாத்தியார், தேவகோட்டை
திங்கள் இரவு 8:05

ஒக்கூர்த் தம்பியின் வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தக் காட்டை வெட்டிய கோடாலிகளைப் பிடித்தவர்கள் யார்? மெட்ராஸ் பயனியர்கள் என்ற படை 1780இல் இந்த மாகாணத்து ஆட்களைக் கொண்டே எழுப்பப்பட்டது. தொண்டைமான் ஆட்களும் எட்டயபுரத்து ஆட்களும் கம்பெனியோடு நின்றார்கள். சிவப்புச் சட்டைக்குள் இருந்த சிப்பாய்களும் பெரும்பாலும் நம் மொழிகளைப் பேசியவர்களே. அந்தப் பக்கத்தை ஆடாமல் ஒதுக்கினால், நம்மவர் ஏன் அங்கே நின்றார்கள் என்ற கேள்வியையும் சேர்த்து ஒதுக்கிவிடுகிறோம். அந்தக் கேள்வி என்னை நாற்பது ஆண்டாக உறுத்துகிறது.

கம்பெனிப் படையில் இருந்த வெல்ஷ் என்ற அதிகாரி பின்னாளில் தன் நினைவுகளை எழுதினார். தனக்கு ஈட்டி எறியவும் வளரி என்ற வளைதடியை வீசவும் முதலில் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருதுதான் என்று அதில் எழுதியிருக்கிறார். எவரை எதிர்த்துப் போனாரோ அவரிடமே கற்றவர். இதையும் பையனிடம் சொல்லுங்கள்.


ஒக்கூரான், சிவகங்கை
திங்கள் இரவு 9:48

வாத்தியார் ஐயா, நீங்க சொன்னதை யோசிக்கிறேன். இன்னும் என் மனசு ஒப்பலை. ஆனா ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். ஆடுறதா இருந்தா சரியா ஆடுங்க. எங்க ஆளுங்களை வரிசையில நிறுத்திச் சாக விடாதீங்க. அவங்க அப்படிச் சண்டை போடலை.


கணக்குப்பிள்ளை, காரைக்குடி
செவ்வாய் மாலை 4:15

வளவுப்படை அண்ணே, நான் உங்க கூட ஆடுறவன்தான். எம்.எஸ்சி. கணிதம். நேத்து ராத்திரி உக்காந்து ஒரு கணக்குப் போட்டேன்.

நாம பகடைக்குப் பதிலா தாயக்கட்டை போடலாம். வீட்டு ஆச்சிகிட்ட பழைய பித்தளைக் கட்டை ஒரு ஜோடி இருக்கு, நான் பாத்திருக்கேன். ஒரு கட்டைக்கு நாலு முகம்: வெறுமை, ஒண்ணு, ரெண்டு, மூணு. ரெண்டு கட்டையைச் சேத்து உருட்டினா 16 வகை. கூட்டு 3 விழ நாலு வகை, 2க்கும் 4க்கும் மும்மூணு, 1க்கும் 5க்கும் ரெவ்வெண்டு, 6க்கு ஒண்ணு. ரெண்டும் வெறுமையா விழ ஒண்ணு. தாயத்துல அதைப் பன்னிரண்டுன்னு எடுப்போம். இங்க அதை மழைன்னு வைப்போம், அன்னிக்கு ஒரு மரமும் விழாது.

வளவுத் தரையில பதிச்சிருக்கிற ஆத்தங்குடிக் கல்லுல நீளவாக்குல 10 எடுத்துக்கலாம். ஒரு கல்லுக்கு மூணு மரம், மொத்தம் 30 மரம். ஒரு சுத்து மூணு நாள், 10 சுத்துன்னா 30 நாள். சுத்துக்கு ஒரு தடவை கட்டை போட்டு அத்தனை மரம் வெட்டலாம். சராசரி சுத்துக்கு 3, பத்துச் சுத்துல 30. அதாவது யாருமே தொந்தரவு பண்ணலைன்னா கம்பெனி கோயிலை எட்டவும் எட்டாமப் போகவும் ஏறக்குறைய சரிபாதி வாய்ப்பு. மூணுல ரெண்டு ஆட்டம் 25க்கும் 35க்கும் நடுவுல நிக்கும். பத்துச் சுத்துல ஒரு தடவையாவது மழை வரவும் கிட்டத்தட்ட பாதி வாய்ப்பு இருக்கு.

இப்ப மருது பக்கம் ரெண்டே ரெண்டு சுத்து வேலையைக் கெடுத்தாப் போதும். மீதி எட்டுச் சுத்து, சராசரி 24. கம்பெனி 30ஐத் தொடுறது பத்துல ஒரு தடவைதான். ஆளைக் கொல்லவே வேண்டாம், நாளைக் கொன்னாப் போதும்.

சாதாரணப் பகடையில இது வராதான்னு கேப்பீங்க. பத்து வீச்சைக் கூட்டினா ரெண்டும் ஏறக்குறைய ஒரே அளவுதான் சிதறும். ஆனா பகடையில வெறுமை கிடையாது. அந்த மழை நாள் கிடையாது.


எழும்பூர்ப்பகடை, சென்னை
செவ்வாய் மாலை 5:02

பிரமாதம் தம்பி. ஒண்ணு மட்டும் சேத்துக்கங்க. கம்பெனி பத்துல ஒரு தடவைதான் ஜெயிக்கும்னா அந்தப் பக்கம் உக்கார ஆள் கிடைக்காது. அதனால ஜெயிச்சவன் தோத்தவன்னு கோயிலை வச்சுக் கணக்குப் பண்ணாதீங்க. ரெண்டு பேரும் பக்கம் மாத்தி ரெண்டு ஆட்டம் ஆடணும். யார் கோடாலியில மரம் கூட விழுந்துச்சோ அவருக்கு ஜெயம். அப்ப ஒவ்வொருத்தரும் காட்டையும் காப்பாங்க, கோடாலியும் பிடிப்பாங்க.

ஒளிஞ்சிருக்கிறதுக்கு சோழி வைங்க. எட்டுச் சோழி காட்டுக்குள்ள, மூணுக்கு அடியில மட்டும் புள்ளி. எதுல ஆள் இருக்கு, எது வெறும் சலசலப்புன்னு மருது பக்கத்துக்கு மட்டும் தெரியும்.


ஈர்க்குச்சி, பள்ளத்தூர்
புதன் இரவு 10:30

பொம்மை வேலை என் பொறுப்புன்னு தம்பி சொல்லிட்டாரு. மூணு நாளா அதுலதான் இருக்கேன்.

1801 பாளையக்காரர் படை பொம்மை எந்தக் கடையிலயும் தேடிக் கிடைக்கலை எனக்கு. போன வருஷம் வெளிநாட்டுக் கடை ஒண்ணுல பக்கத்துல வர்ற மாதிரி ஒரு செட் வரவழைச்சேன். பார்சல் ஏழு வாரம் எங்கயோ கிடந்து, பொம்மை விலைக்கு ஈடா வரியும் கட்டி, பிரிச்சுப் பாத்தா பாதி ஈட்டி ஒடிஞ்சிருந்துச்சு. இனி அந்தப் பக்கம் போறதில்லைன்னு முடிவு. புரவி செய்யுற வேளார் ஒருத்தர்கிட்ட கேட்டேன். அய்யனாருக்கு ஆள் உயரக் குதிரை செய்யுற கை அது. 28 மில்லிமீட்டர்ல களிமண் ஆள் செஞ்சு சுட்டுக் கொடுத்தாரு. உடம்பு அழகா வந்துச்சு. கைதான் நிக்கலை, தொட்டா உதிருது. அதனால உடம்பை மட்டும் அவர் வார்ப்புல எடுத்து சிலிகான் அச்சு பண்ணி ரெசின்ல ஊத்தினேன். இப்ப கை நிக்குது.

ஈட்டிக்குத் தென்னை ஈர்க்குச்சி. நுனிப் பக்கத்தை எடுக்கணும், அடிப்பக்கம் தடிமன். பிளேடால சீவினா நார் பிரியும், உப்புத்தாள்ல உருட்டி உருட்டி மெலிசாக்கணும். வளரிக்கு ஊக்கு. ஊக்கோட வளைவு இருக்கு பாருங்க, அந்த இடத்தை மூணு மில்லிமீட்டர் வெட்டி, ஒரு முனையைச் சுத்தியால தட்டித் தட்டையாக்கினா அப்படியே வளரி. புதுக்கோட்டை மியூசியத்துல வளரியை நேர்ல பாத்து நோட்டுல வரைஞ்சு வச்சிருந்தேன், அதை வச்சுத்தான் பண்ணினேன். ஒரு முனை கனம், ஒரு முனை மெலிசு. ரெண்டு முனையும் ஒரே மாதிரி இருந்தா அது வளரி இல்லை.

கம்பெனிச் சிப்பாய்க்கு சிவப்புச் சட்டை, முழங்காலுக்கு மேல நிக்கிற வெள்ளை நிஜார், தலைப்பாகை. இந்தத் தலைப்பாகையில கவனமா இருக்கணும். 1806 ஜூலை 10 வேலூர்ல சிப்பாய்கள் கிளம்பினதுக்கு ஒரு காரணமே புதுசாப் போடச் சொன்ன தலைப்பாகைதான். நம்ம கதை அதுக்கு அஞ்சு வருஷம் முன்னாடி. இணையத்துல கிடைக்கிற படம் பல வருஷத்துப் படம் கலந்து கிடக்கு, பாத்து எடுக்கணும்.

நம்ம ஊர் வெயில்ல அக்ரிலிக் பெயிண்ட் தட்டுல ஊத்தின ரெண்டாவது நிமிஷம் தோலாயிடும். டிபன் பாக்ஸ்ல நனைச்ச ஸ்பாஞ்ச், அதுக்கு மேல பட்டர் பேப்பர், அதுல பெயிண்ட். மூடி வச்சா மறுநாளும் ஈரமா இருக்கு.

மரம் 30ம் முடிஞ்சது. காய்ஞ்ச துளசித் தண்டுதான் தண்டு, கிளை எல்லாம். பீர்க்கங்கூட்டைப் பிச்சுப் பச்சை சாயம் தோய்ச்சு ஒட்டினா உடைமரத்தோட குடை மாதிரியே விரிஞ்சு நிக்குது. அடியில நம்ம செம்மண்ணையே டீ வடிகட்டியில சலிச்சுப் போட்டேன். கடையில விக்கிற எந்தப் பவுடரும் இந்த நிறம் வராது. எல்லாத்தையும் பனையோலைக் கொட்டான்ல அடுக்கிட்டேன். ஆடாம அசையாம இருக்கு.


ஈப்போப் பேரன், மலேசியா
வியாழன் காலை 8:00

கொட்டான்ல படை! எங்க அப்பத்தா கொண்டுவந்த கொட்டான் ஒண்ணு இங்க அலமாரியில இருக்கு, அதுல தையல் நூல்தான் கிடக்கு. அக்கா, ஒரு ஆள் பொம்மையை மட்டும் பக்கத்துல வச்சுப் படம் போடுங்களேன். கோணாப்பட்டுல எங்க பங்கு வீடு பூட்டிக் கிடக்கு. ஜனவரியில வரும்போது அந்த வளவையும் நீங்க எடுத்து ஆடலாம்.


வளவுப்படை, காரைக்குடி
ஞாயிறு இரவு 9:30

ஆடியாச்சு. காலை பத்தரைக்கு ஆரம்பிச்சு, சாப்பாட்டுக்கு எந்திரிச்ச நேரம் போக மூணேகால் மணி நேரம். கொஞ்சம் விரிவா எழுதுறேன், பொறுத்துக்குங்க.

தரையிலயே ஆடினோம், மேசை போடலை. ஆத்தங்குடிக் கல் பத்து அங்குலம், அதுல நடுவுல பூவும் நாலு மூலையில கால் பூவும் இருக்கும். நாலு கல் கூடுற இடத்துல கால் பூக்கள் சேந்து இன்னொரு முழுப் பூவாகும். அந்த முனையில எல்லாம் மரம் நட்டோம். தெற்கு ஓரத்துல சிறுவயல், வடக்கு ஓரத்துல ஒரு பித்தளைச் செம்பைக் கவிழ்த்து கோபுரம்னு வச்சோம். பூமியில திசை வேற, வளவு அமைப்புக்காக மாத்திக்கிட்டோம். ஆச்சி தாயக்கட்டையைப் புளி போட்டுத் தேய்ச்சு மினுக்கிக் கொண்டுவந்து வச்சாங்க. நாங்க கேட்டது கட்டையை மட்டும்தான்.

நான் கம்பெனி. பையன் மருது பக்கம். என்கிட்ட நாலு கோடாலி பேஸ், அஞ்சு காவல் பேஸ், ஒரு பீரங்கி, ரெண்டு மாட்டு வண்டி. வண்டி சிறுவயல்ல இருந்து கோடாலிக்காரங்க நிக்கிற இடத்துக்கு அரிசி கொண்டுவரணும். வண்டி வரலைன்னா அடுத்த சுத்து வெட்ட முடியாது.

முதல் மூணு சுத்து 4, 3, 5. மூணுக்குள்ள 12 மரம், நாலு கல் தாண்டிட்டேன். கோயில் இதோன்னு நெனச்சேன். பையன் சோழியைத் தொடவே இல்லை. சும்மா உக்காந்து என்னையே பாத்துக்கிட்டு இருந்தான். நாலாவது சுத்து ரெண்டு கட்டையும் வெறுமை. மழை. அஞ்சாவதுல 3 மரம், அஞ்சாங் கல்லும் முடிஞ்சது.

அப்பதான் எனக்கு உறைச்சுது. பின்னாடி திரும்பிப் பாத்தா நான் வெட்டின பாதை அஞ்சு கல் நீளம் கிடக்கு, ரெண்டு பக்கமும் மரம். வண்டி அந்த நீளம் முழுக்க வரணும். என்கிட்ட காவல் அஞ்சே அஞ்சு. முன்னாடி கோடாலிக்கு ரெண்டு வேணும், பீரங்கிக்கு ஒண்ணு. மிச்சம் ரெண்டை வச்சு அஞ்சு கல் நீளப் பாதையை எப்படிக் காக்கிறது? ஒவ்வொரு மரம் விழும்போதும் நான் ஜெயிக்கிறேன்னு நெனச்சுக்கிட்டு, காக்க வேண்டிய இடத்தைத்தான் நீட்டிக்கிட்டே போயிருக்கேன்.

ஆறாவது சுத்துல அவன் மூணாங் கல் பக்கத்துல ஒரு சோழியைத் திருப்பினான். புள்ளி. வண்டி போச்சு, அடுத்த சுத்து வெட்டும் போச்சு. அதுக்கப்புறம் காவலை எல்லாம் பின்னாடி அனுப்பினேன். அவன் முன்னாடி வந்து கோடாலிக்காரங்க மேல விழுந்தான். அந்தச் சுத்தும் போச்சு. பீரங்கி கடைசி வரைக்கும் ஒரு தடவை கூட வெடிக்கலை, குறி வைக்க ஆளே கண்ணுல படலை.

பத்தாவது சுத்து முடிவுல 23 மரம். எட்டாங் கல்லுல ஒரே ஒரு மரம் நின்னுச்சு. எங்க பக்கம் அவன் கொன்னது மொத்தமே மூணு பேஸ்தான்.

பையன் எதுவும் பேசலை. அந்தக் கடைசி மரத்தைக் கையில எடுத்து ஈர்க்குச்சி அக்காகிட்ட கொடுத்து, “இது என்ன மரம்க்கா?”ன்னு கேட்டான். உடைமரம்னாங்க.

வர்ற வாரம் பக்கம் மாத்தி ஆடுறோம். அவன் கோடாலி, நான் காடு.


கணக்குப்பிள்ளை, காரைக்குடி
ஞாயிறு இரவு 9:55

ஒரு திருத்தம் வேணும் அண்ணே. மழை பேஞ்சா வண்டியும் நகரக்கூடாது. இன்னிக்கு நகத்திட்டோம். செம்மண்ணுல மாட்டு வண்டி, நெனச்சுப் பாருங்க.


பழைய வாத்தியார், தேவகோட்டை
திங்கள் காலை 5:40

படித்தேன். இரண்டு முறை படித்தேன். இது உழிஞை.

அடுத்து செப்டம்பரை ஆட வேண்டும். அது இதைவிடக் கடினம். கோடாலியால் முடியாததைக் கம்பெனி வேறு வழியில் செய்தது. சோழபுரத்தில் வைத்து கௌரி வல்லபருக்குப் பட்டம் கட்டி, சிவகங்கைக்கு உரியவர் இவரே என்று அறிவித்தது. மருதிருவரோடு நின்றவர்களில் பலருடைய மனம் அங்கே பிரிந்தது. அதற்குப் பிறகுதான் பல பக்கமிருந்தும் ஒரே நேரத்தில் படை நுழைந்து அக்டோபர் 1 வந்தது. சோழிகளில் புள்ளி ஒவ்வொன்றாக அழிவதை எப்படி ஆடுவீர்கள்? கானப்பேரை இழந்த வேங்கைமார்பனுக்கு ஐயூர் மூலங்கிழார் சொன்ன உவமை ஒன்று உண்டு: கொல்லன் உலையில் காய்ந்த இரும்பு குடித்த நீர். அது திரும்பாது.


ஒக்கூரான், சிவகங்கை
திங்கள் காலை 11:20

வளவுப்படை தம்பி எழுதினதைப் படிச்சேன். “காக்க வேண்டிய இடத்தைத்தான் நீட்டிக்கிட்டே போயிருக்கேன்”னு எழுதியிருந்தீங்க. எங்க ஊருக்குத்தான் அந்தப் படை பின்வாங்கி வந்துச்சு. ஏன் வந்துச்சுன்னு சின்ன வயசுல கேட்டா, மருது பயமுறுத்தி விரட்டினாருன்னு சொல்லுவாங்க. எப்படின்னு யாரும் சொன்னதில்லை. இப்ப தெரியுது.

சிவப்புச் சட்டையை என்னால இன்னும் கையில எடுக்க முடியாது. அது அப்படியேதான் இருக்கு. நடுவரா வர்றேன். சோழிக்கு அடியில புள்ளி எதுன்னு நான் மட்டும் தெரிஞ்சு வச்சுக்கிறேன். ஒத்துக்குவீங்களா?


வளவுப்படை, காரைக்குடி
திங்கள் காலை 11:26

அண்ணே, கட்டாயம் வாங்க. ஞாயிறு காலை பத்து மணி. காரைக்குடி புது பஸ் ஸ்டாண்டுல இறங்கி ஒரு போன் போடுங்க, நான் பைக்குல வந்து கூட்டிட்டுப் போறேன். ஆச்சிகிட்ட ஒரு இலை கூடன்னு சொல்லிடுறேன். ஈர்க்குச்சி அக்கா, கடைசி ரெண்டு கல்லுக்குக் காட்டை இன்னும் அடர்த்தியாக்கணும்னு பையன் கேக்குறான், இன்னும் ஆறு மரம் முடியுமா?


ஈர்க்குச்சி, பள்ளத்தூர்
திங்கள் மதியம் 12:10

துளசித் தண்டு காயப் போட்டிருக்கேன். வெள்ளிக்கிழமைக்குள்ள ஆயிடும். டீ வடிகட்டியை அங்கயே விட்டுட்டு வந்துட்டேன், ஆச்சி வீட்டு அடுப்படியில இருக்கும், யாராவது எடுத்து வைங்க.